வெடியுப்பில் ஒரு பனிக்காலம்

அன்றைக்கு என் வீட்டுப் பின்புறத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: கோட்டை வைத்தியர், நான், என் மனைவி முனியம்மா, அவள் தம்பி எத்திராசு, அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்று தூரமாக உட்கார வைத்திருந்த என் பெண். கருவாட்டு வாசனைக்கு வந்துபோன பூனைகளைச் சேர்க்கவில்லை. மறுநாள் காலை கோட்டையில் வெடியுப்பை நிறுக்கப் போகிறார்கள். அங்கே இருக்க வேண்டிய உப்பில் ஒரு பங்கு எத்திராசின் மடவைக் கருவாட்டுக்குள் போயிருந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். வைத்தியரோ உமிக்குள் புதைத்த தொட்டிக்குள் தலையை விட்டு, அங்கே ஒரு பானையில் கிடந்த குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம், நைனா" என்றார்.

அந்த மனிதரைப் பற்றி எழுதுவதென்றால் இந்த 'இன்னும் கொஞ்ச'த்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு எப்படித் தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும்.

அவர் ஒல்லாந்துக்காரர். பழவேற்காட்டுக்கு வந்த புதிதில் படகுத்துறையில் நின்றே தமிழ் கற்றுக்கொண்டார். தெலுங்கு பேசும் படகுக்காரர்களும் எங்கள் குப்பத்து ஆட்களும் பேசியதை அப்படியே பிடித்துக்கொண்டதால், 'நைனா' என்பது மரியாதையான சொல் என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. யாருக்கு மரியாதை என்று தெரியவில்லை. நானும் நைனா, எத்திராசும் நைனா, என் பெண்ணும் நைனா. ஒருநாள் வேலியில் கொம்பு மாட்டிக்கொண்டு கத்திய ஆட்டைக்கூட "இரு நைனா, இரு நைனா" என்று சொல்லித்தான் விடுவித்தார். துறையில் திட்டுகிற வார்த்தை எல்லாம் அவர் வாயில் சரளமாக வரும். 'செத்துப்போச்சு' என்ற ஒன்று மட்டும் வராது. எதைக் காட்டினாலும் "தூங்குது" என்பார். இல்லாவிட்டால் "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்பார்.

இதனால் குப்பம் பட்ட பாடு கொஞ்சமில்லை. எத்திராசின் சித்தப்பா முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து போனார். விடிகாலையில் உடல் கிடைத்தது. யாரும் கூப்பிடாமலே வைத்தியர் ஓடி வந்தார். குப்புறப் போட்டு அமுக்கினார், சூடான மணலைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார், மூக்கில் ஊதினார். வெயில் ஏறியது, உச்சிக்கு வந்தது, சாய்ந்தது. அவர் விடவில்லை. எங்கள் வழக்கப்படி பிணம் எடுக்கும்வரை குப்பத்தில் அடுப்பு எரியக் கூடாது, வலை நனையக் கூடாது. ஏரியில் நல்ல மீன்படும் இடங்களுக்குப் பாடு என்று முறை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். முறையை விட்டால் சுற்று முடிந்து திரும்பி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அன்றைக்கு எத்திராசு வீட்டுப் பாடு.

"போதும் வுடு தொரை. ஒடம்பு வெறைச்சுப் போச்சு" என்றார் ஊர்ப் பெரியவர்.

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம், நைனா. தூங்குறாரு."

"நண்டு காதைத் தின்னுட்டுப் போயிருக்குது, தூங்குறாராம்!" என்று எத்திராசு கத்தினான். அழுகிற முகத்தோடுதான் கத்தினான். ஏரியில் மீன் துள்ளுவது அங்கிருந்தே தெரிந்தது.

மாலையில் நாலு பேர் அவரைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டுத்தான் பிணத்தை எடுத்தோம். அப்போதும் "அவசரப்படுறீங்க, அவசரப்படுறீங்க" என்று பின்னாலேயே வந்தார். எனக்கு வந்த எரிச்சலில் அவரை ஏரியில் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

ஆனால் அடுத்த வருஷம் என் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. கண் செருகிவிட்டது, கை கால் சில்லிட்டுவிட்டது. ஒப்பாரிக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். முனியம்மா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு சுவரில் முட்டினாள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த வைத்தியர், பஞ்சை நனைத்து என் பெண்ணின் நாக்கில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "தூங்குது, நைனா" என்றார். ஒப்பாரிக்கு வந்தவர்கள் அழவும் முடியாமல் போகவும் முடியாமல் காத்திருந்தார்கள். மறுநாள் உச்சி வேளையில் என் பெண் கண்ணைத் திறந்து, நண்டுச் சாறு வேண்டும் என்றாள்.

அந்த ஒரு தடவைக்காக, அவருடைய மற்ற எல்லா 'இன்னும் கொஞ்ச'த்தையும் நான் சுமக்க வேண்டியதாயிற்று.

நான் கோட்டையின் வெடியுப்புக் கொட்டகையில் காவல் வேலை பார்த்தேன். பீரங்கிக்கு மருந்து இடிக்கிற இடத்துக்கு உப்பை எடுத்துக் கொடுப்பதும், மிச்சத்தைக் காப்பதும் என் பொறுப்பு. மணலில் எழுத்துப் பழகி ஓலைக்கு வருவதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூட்டல் வரும், கழித்தல் வராது. கணக்கப்பிள்ளை ஓலையைத் திருப்புகிற சத்தம் கேட்டாலே மூட்டைகளை மறுபடி எண்ண ஆரம்பிப்பேன். சரக்கு குறைந்தால் தூணில் கட்டி அடிப்பார்கள் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பஞ்ச காலத்தில் ஆட்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியதை நான் கண்ணால் பார்த்தவன். கடன்பட்டவன் எந்த நாளில் சரக்காக மாறுவான் என்று யார் சொல்ல முடியும்? நான் படுத்தால் அதுதான் நினைப்பு.

இப்படிப்பட்டவனிடம்தான் அவர் அந்தக் குச்சியைக் கொண்டுவந்தார்.

புரட்டாசியில் வந்த கப்பலில் அவர் ஊரிலிருந்து யாரோ அனுப்பியது. ஈரப் பாசியில் சுற்றிய, விரல் தடிமனுள்ள மரக்குச்சி. பட்டை முழுக்க அம்மைத் தழும்பு போல இரண்டிரண்டாக மேடுகள்.

"எங்க ஊர்க் குளத்தோரத்து மரம், நைனா. ஊசித்தட்டான் வாலால பட்டையைக் கீறி உள்ளே முட்டை வெச்சுட்டுப் போயிருக்குது."

"கப்பல்ல எத்தினி மாசம் கெடந்துது?"

"பத்துப் பதினோரு மாசம்."

"அப்ப செத்துப்போயிருக்கும்."

என்னை முறைத்தார். "தூங்குது" என்றார்.

கோட்டைக்குப் பின்னால் நல்ல தண்ணீர்க் குளம் ஒன்று உண்டு, தாங்கல் என்போம். அதில் எங்கள் ஊர் ஊசித்தட்டான் கோரைத் தண்டில் முட்டை வைப்பதை அவர் முன்பே ஒரு கிண்ணத்தில் போட்டுப் பார்த்திருந்தார். பாதி மாசத்துக்குள் குஞ்சு வந்துவிட்டது. குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் இன்னும் சில நாள் தள்ளி வந்தது, அவ்வளவுதான். இங்குள்ளவை காத்திருப்பதில்லை. அவர் ஊரில் வெயில் காலம் முடிகிறபோது வைத்த முட்டை, பனிக்காலம் முழுவதும் தூங்கிவிட்டு அடுத்த வெயிலுக்குத்தான் பொரியுமாம்.

"எதுக்குத் தூங்கணும்?" என்று எத்திராசு கேட்டான்.

"பனிக்காலத்துல எங்க ஊர்க் குளம் கல்லாயிடும், நைனா. அதுமேல நடந்து போவோம்."

"தண்ணிமேலயா? அப்ப வலைய எங்க போடுவீங்க?"

"இங்க குளிரே கெடையாதே" என்றேன் நான். "முழிச்சுக்க வேண்டியதுதானே?"

"அதான் கஷ்டம். முட்டைக்குள்ள ஒரு காவக்காரன் கீறான்னு வெச்சுக்கோ. உன்னை மாதிரி. பனி வந்துட்டுப் போச்சான்னு பாப்பான். போனப்புறம்தான் கதவைத் தொறப்பான். பனியே வரலைன்னா, இன்னும் வரலை, இன்னும் வரலைனு உக்காந்துக்கினே இருப்பான்."

"தொரை மாதிரியேதான்" என்றாள் முனியம்மா. அவருக்குச் சிரிக்கத் தெரிந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. பனிக்காலத்தின் நடுவிலேயே சில நாள் கதகதப்பாக இருக்குமாம். அதை நம்பிக் கதவைத் திறந்தால் குஞ்சு செத்தது. (அவர் "கெட்டது" என்றார்.) பகல் நீளுவது மட்டும் பொய் சொல்லாது. ஆகவே காவல்காரன் குளிரை மட்டும் பார்க்கிறானா, பகலின் நீளத்தையும் பார்க்கிறானா?

"முட்டைக்கு ஏது கண்ணு?" என்றேன்.

"தெரியல, நைனா. பாக்கலாம்."

குச்சியை மூன்று துண்டாக்கினார். ஒன்றை ஈரத்துணி சுற்றி நிழலில் தொங்கவிட்டார். மற்ற இரண்டுக்கும் பனிக்காலம் செய்ய வேண்டும். அதற்குத்தான் என் வெடியுப்பு. தண்ணீரில் வெடியுப்பைக் கரைத்தால் கை மரத்துப்போகிற அளவுக்குச் சில்லிடும். வெயிலில் காயவைத்தால் உப்பு திரும்ப வந்துவிடும்.

"ஒரு பொட்டுக் கொறையாது, நைனா. தண்ணிதான் போவும்."

"கணக்கப்பிள்ளை பாத்தா நான்தான் போவேன்."

"மாசியிலதான் நிறுப்பாங்க. அதுக்குள்ளே திருப்பி வெச்சுடலாம்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் பெண் குறுக்கே ஓடினாள். வாயை மூடிக்கொண்டேன்.

கோட்டைக்குள் வைத்தால் தெரிந்துவிடும் என்று, மார்கழி பிறந்ததும் என் வீட்டுப் பின்புறத்தில் பனிக்காலம் தொடங்கியது. பெரிய தொட்டியைச் சுற்றி உமி. தொட்டிக்குள் வெடியுப்புத் தண்ணீர். அதில் கழுத்தளவு அமிழ்ந்த இரண்டு சின்னப் பானைகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நல்ல தண்ணீரும் ஒரு குச்சித் துண்டும். ஒரு பானைக்குக் கனத்த மரமூடி: வெயில் நன்றாக ஏறிய பிறகு திறந்து, சாய்வதற்கு முன்னால் மூடிவிட வேண்டும். "எங்க ஊர்ல மார்கழியில சூரியன் வேலைக்கு வந்த ஒடனே வூட்டுக்குக் கெளம்பிடுவான்" என்றார். இன்னொரு பானைக்கு மெல்லிய துணி மட்டும். அதற்கு எங்கள் ஊர்ப் பகல் முழுவதும் உண்டு. உப்பில் ஒரு பங்கு தொட்டியில் கரையும், ஒரு பங்கு ஓலைப்பாயில் காயும். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது என் வேலை.

செய்தி பரவிவிட்டது. முனியம்மா வீட்டில் பனி இருக்கிறதாம் என்று பெண்கள் வந்து தொட்டித் தண்ணீரில் கையை விட்டு "ஐயோ" என்று கத்திவிட்டுப் போனார்கள். பல்வலிக்காரர் ஒருவர் கன்னத்தை நனைத்துக்கொண்டார். முனியம்மா என் கண் மறைந்தால் மோர்ச்செம்பை உள்ளே இறக்கினாள். ஒவ்வொருவர் கை விடும்போதும் எவ்வளவு உப்பு ஒட்டிக்கொண்டு போகிறது என்று நான் கணக்குப் போட்டுச் செத்தேன். வைத்தியர் தினமும் வருவார். குச்சியைத் தொடமாட்டார், மோந்து பார்ப்பார்.

"இன்னா ஆச்சு?" என்று கேட்பேன்.

"தூங்குது."

"எப்ப முடியும்?"

"இன்னும் கொஞ்சம்."

தை முடிந்தது. மாசி வந்தது. நிறுக்கிற நாள் சொல்லிவிட்டார்கள். அவர் பங்குனி வரைக்கும் வேண்டும் என்றார். நான் கெஞ்சினேன், கோபித்தேன், அவர் கோட்டையிலிருந்து வரும் வழியில் எதிரே போய் நின்று மன்றாடினேன். கல்லோடு பேசலாம். கல்லாவது 'நைனா' என்று சொல்லாது.

அந்தச் சமயத்தில்தான் எத்திராசுக்குப் பாடு வந்தது. வலை கொள்ளாத மடவை. அவனுக்கு உப்புப் போதவில்லை. அக்கா வீட்டுப் பின்புறத்தில் ஓலைப்பாயில் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்ததை அள்ளிக்கொண்டு போய், கீறிய மீன் வயிற்றில் அப்பி அடுக்கிவிட்டான். நான் கொட்டகையில் இருந்தேன். முனியம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். காலிப் பாயைப் பார்த்து, நிறுவைக்காக அவள் கட்டி வைத்துவிட்டாள் என்று நான் நினைத்தேன், நான் கட்டி வைத்தேன் என்று அவள் நினைத்தாள். நாலாம் நாள் அவனே வந்தான்.

"மாமா, மீனு இன்னா இப்டி செவந்து போச்சு? நாக்குல வெச்சா சில்லுனு கீது."

மீனை வாங்கி நக்கிப் பார்த்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் நிறுவை.

ஆக, அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

செய்ய வேண்டியதைச் சொன்னவர் வைத்தியர்தான். கருவாட்டை எல்லாம் வெந்நீரில் கழுவி, அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சுண்டவிட வேண்டும். பிறகு சட்டென்று குளிரவைத்தால் வெடியுப்பு மட்டும் ஊசி ஊசியாக அடியில் இறங்கும். கறியுப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். காலையிலிருந்து கழுவினோம், காய்ச்சினோம். புகையும் மடவை நாற்றமும் மூக்கை அடைத்தன. சுண்டியாயிற்று. குளிரவைக்க வேண்டியதுதான் பாக்கி. ஊரிலேயே குளிர்ந்த தண்ணீர் அந்தத் தொட்டியில்தான் இருந்தது. அது தவிர, அந்தத் தொட்டியில் கரைந்திருந்த உப்பும் நாளைக்கு நிறுவைக்கு வேண்டும். பனிக்காலத்தைக் கலைத்தாக வேண்டும்.

"இன்னும் கொஞ்சம், நைனா" என்றார் அவர், தொட்டிக்குள் தலையை விட்டபடி. "இப்பக் கலைச்சா முழுசாப் பனி பாக்காத முட்டை. காவக்காரன் குழம்பிடுவான்."

"இன்னா தொரை இது!" என்று எத்திராசு அகப்பையைத் தரையில் அடித்தான். "ரெண்டு தடவ எம் பாட்டைக் கெடுத்துட்டீங்க. பொணத்துக்கு ஒரு தடவ, பூச்சிக்கு ஒரு தடவ!"

என் தலைக்குள் கப்பல், கணக்கப்பிள்ளை, தூண் எல்லாம் ஒன்றாகச் சுற்றின. முனியம்மாதான் அடுப்பை விட்டு எழுந்து, கரிக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள். சத்தமே போடவில்லை.

"தொரை, எம் புருசனும் இன்னும் உசிரோடதான் கீறாரு. அவரையும் கொஞ்சம் பாருங்க."

அவர் தலையை வெளியே எடுத்தார். என்னைப் பார்த்தார். நோயாளியைப் பார்க்கிற மாதிரி மெதுவாக, முழுவதுமாகப் பார்த்தார். பிறகு சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டு பானைகளையும் தானே தூக்கி வெயிலில் வைத்தார். 'இன்னும் கொஞ்சம்' என்று சொல்லவில்லை. அவர் அதைச் சொல்லாமல் ஒரு காரியம் செய்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கொதித்த சட்டிகளைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, ஊசி இறங்குகிறதா என்று என் பெண்ணைப் பார்க்கச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் தொட்டித் தண்ணீரையும் காய்ச்சி எடுத்துவிட்டோம். கழுவிய கருவாட்டைப் பூனைகூடத் தொடவில்லை.

அப்படியும் ஒன்றரை வீசை குறைந்தது. தன் மருந்துப் பெட்டியில் வைத்திருந்த வெடியுப்பை அவர் கொண்டுவந்து கொட்டினார். கோட்டை விலைக்கு அது நான்கு பணம். எப்படியாவது கொடுத்துவிடுகிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன்.

காலையில் கணக்கப்பிள்ளை ஒரு கை உப்பை அள்ளி மோந்தார்.

"இன்னாய்யா, மடவை நாத்தம் அடிக்குது?"

"ஏரிக்கரை சாமி. இங்க எதுதான் நாத்தம் அடிக்கல?"

தன் அங்கவஸ்திரத்தை ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டு, அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

அந்த மாசமே வைத்தியருக்கு, கடலுக்கு அப்பால் ஒல்லாந்தர் பட்டணமான பத்தாவியாவுக்குப் போகும்படி உத்தரவு வந்தது. தோணியில் காலை வைத்துக்கொண்டே எனக்குச் சொன்னார்: இரண்டு பானைக்கும் மெல்லிய துணி கட்டியிருக்கிறேன், அவிழ்க்காதே. எந்தப் பானையில் முதலில் குஞ்சு வருகிறது என்று பார். குஞ்சுக்கு வால் நுனியில் மூன்று இலை மாதிரி இருக்கும். நான் மடியிலிருந்த காசை எடுத்தேன்.

"இப்ப வாணாம், நைனா. எந்தப் பானைனு சொல்லும்போது குடு."

முதலில் தினமும் பார்த்தேன். நிழலில் தொங்கிய துண்டு அப்படியே வற்றிக் கிடந்தது. பானைகளிலும் ஒன்றுமில்லை. பங்குனியில் தென்காற்று தொடங்கியது. கொட்டகை வேலையில் பல நாள் பார்க்காமல் விட்டு, ஒருநாள் பார்த்தால், வெயிலில் இற்றுப்போயிருந்த துணிகள் இரண்டும் கிழிந்து தொங்குகின்றன. எங்கள் ஊர் ஊசித்தட்டான் ஒன்று குச்சியின் மேல் உட்கார்ந்து வாலை வளைத்துக்கொண்டிருக்கிறது. சில நாளில் குஞ்சுகள் தெரிந்தன, இரண்டு பானையிலும். மரமூடி போட்டிருந்த பானையில்தான் முதலில் கண்டேன் என்று நினைக்கிறேன். அதைத்தான் முதலில் எட்டிப் பார்த்தேன் என்பதும் உண்மை. வாலில் மூன்று இலை இருந்தது. எங்கள் ஊர்க் குஞ்சுக்கும் மூன்று இலைதான். துணி என்றைக்குக் கிழிந்தது என்று தெரிந்தாலாவது, எங்கள் ஊர் முட்டை பொரியப் போதுமான நாள் ஆயிற்றா என்று கணக்குப் பார்க்கலாம். அமாவாசைக்கு முன்னால் என்கிறாள் முனியம்மா. அதற்குப் பிறகு என்கிறாள் என் பெண். இரண்டு பேரும் சத்தியம் செய்கிறார்கள்.

எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். பத்துப் பதினோரு மாசம் கடலைத் தாண்டி வந்து, என் வீட்டுத் தொட்டியில் அரைப் பனிக்காலம் பார்த்து முழித்துக்கொண்டவையா அவை? இல்லை, தாங்கலிலிருந்து சும்மா பறந்து வந்தவளின் பிள்ளைகளா? கேட்டவர் இல்லை, சொல்லத் தெரியவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த வருஷக் கப்பலில் வந்தவர்கள், வைத்தியர் வழியிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார் என்றார்கள். கடலில் இறக்கிவிட்டோம் என்றார்கள்.

"செத்தவருக்கு இன்னாய்யா கடன்?" என்றாள் முனியம்மா. "அந்தக் காசை எடுத்து எத்திராசுக்கு வலைநூல் வாங்கிக் குடு. அவன் பட்டது போதும்."

"இன்னும் கொஞ்சம் பாக்கலாம்" என்றேன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

காசு பரணில், அந்த மரமூடிப் பானைக்குள் இருக்கிறது. பாக்கி நான்கு பணம்.